பழைய கணினி ஸ்பீக்கருக்கு மாற்று டிரைவர் (பெட்டிக்குள் ஒலி எழுப்பும் பகுதி) பொருத்தினேன். ஒலி ஏன் இறங்கிவிட்டது?

தோட்டத்துமகள் (சுங்கை சிப்புட்) எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். 1998-இல் எங்கள் வீட்டுக்கு முதல் கணினி வந்தபோது, தோட்டத்து லாரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா தீபாவளிப் போனஸ் பணத்தில் வாங்கிய இரட்டை ஸ்பீக்கர் இன்னும் எங்களிடம் இருக்கிறது. தோட்டத்து வீட்டைக் காலி செய்து தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) மாறியபோது எத்தனையோ பொருள்களை விட்டுவிட்டு வந்தோம். இதை மட்டும் அவர் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். இப்போது கைப்பேசியை அதில் இணைத்துக் காலையில் மின்னல் எஃப்எம் கேட்பது அவர் வழக்கம்.

சில மாதங்களாக வலப்பக்கப் பெட்டி கரகரத்தது. முன்வலையைக் கழற்றிப் பார்த்தபோது, கோன் என்னும் காகிதக் கூம்பைச் சுற்றியிருந்த நுரை வளையம் பிசுபிசுப்பாகி, விரல் பட்டதும் தூளாக உதிர்ந்தது. இடப்பக்கத்திலும் இரண்டு இடங்களில் விரிசல் இருக்கிறது. பக்கத்துக் கடையில் புதிதாக வாங்கிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். நான் இணையத்தில் 3 அங்குல டிரைவர் ஒன்றை வரவழைத்து வலப்பக்கத்தில் பொருத்தினேன். பழையதன் முதுகில் '4 ஓம், 3 வாட்' என்றும், புதியதில் '4 ஓம், 20 வாட்' என்றும் அச்சிட்டிருக்கிறது. கரகரப்பு நின்றுவிட்டது, ஆனால் அந்தப் பக்கம் இடப்பக்கத்தைவிட மிகவும் மெதுவாகக் கேட்கிறது, அடித்தொனியும் இல்லை. 20 வாட் என்றால் கூடுதலாக அல்லவா ஒலிக்க வேண்டும்? ஆம்ப்ளிஃபயர் பழுதாகிவிட்டதா? அப்பா, "இது அந்தப் பழைய குரல் இல்லை" என்கிறார்.

கம்பிச்சுருள் (கூலிம்) எழுதியது:

சகோதரி, ஆம்ப்ளிஃபயர் மீது ஐயம் கொள்வதற்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். மின்னிணைப்பைத் துண்டித்துவிட்டு, புதிய டிரைவரை இடப்பக்கக் கம்பிகளிலும் பழைய இடப்பக்க டிரைவரை வலப்பக்கக் கம்பிகளிலும் மாற்றி இணையுங்கள். மெதுவான ஒலி புதிய டிரைவரோடு சேர்ந்து இடம் மாறினால் ஆம்ப்ளிஃபயர் நலமாக இருக்கிறது என்று பொருள். அப்படியே 1.5 வோல்ட் பேட்டரியை டிரைவரின் முனைகளில் ஒரு கணம் தொட்டுப் பாருங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பாசிட்டிவ் தொட்ட முனையே டிரைவரின் பாசிட்டிவ். ஒரு பக்கம் தலைகீழாக இணைந்திருந்தால் இரண்டு பெட்டிகளின் அடித்தொனியும் ஒன்றையொன்று அழித்துவிடும்.

பழைய வானொலி (ஈப்போ) எழுதியது:

மேலே சொன்ன சோதனையை முதலில் செய்யுங்கள், தங்கையே. என் கணிப்பில் ஆம்ப்ளிஃபயரில் குறை இருக்காது. டிரைவரைத் தேர்ந்தெடுத்த அளவுகோலில்தான் குறை.

டிரைவரில் அச்சிடப்படும் வாட் எண், அது கருகாமல் எவ்வளவு மின்திறனைத் தாங்கும் என்பதைச் சொல்கிறதே தவிர, எவ்வளவு உரக்க ஒலிக்கும் என்பதைச் சொல்வதில்லை. அதைச் சொல்வது உணர்திறன் என்னும் அளவு: 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளந்தால் எத்தனை டெசிபல் என்பது. அக்காலக் கணினி ஸ்பீக்கர்களுக்குள் இருந்தவை சிறிய ஆம்ப்ளிஃபயர்கள். அவற்றுக்கு ஏற்றபடி எடை குறைந்த காகிதக் கோன் வைத்தார்கள். இன்று விற்கப்படும் பல சிறிய டிரைவர்கள் கனத்த கோனும் தடித்த ரப்பர் விளிம்பும் கொண்டவை. ஆழமாக அசையும், ஆனால் அசைக்கக் கூடுதல் திறன் கேட்கும். பழையது 87 டெசிபல், புதியது 82 என்று வைத்துக்கொண்டால், அந்த 5 டெசிபலை ஈடுகட்ட ஏறக்குறைய 3 மடங்கு மின்திறன் வேண்டும். உங்கள் அடாப்டரைத் திருப்பிப் பாருங்கள். 12 வோல்ட், 1 ஆம்பியர் என்றிருந்தால் இரண்டு பக்கமும் சேர்ந்து 12 வாட்டைத் தாண்ட வழியே இல்லை. பெட்டியில் நூற்றுக்கணக்கில் அச்சிட்டிருக்கும் 'பிஎம்பிஓ' (கணநேர உச்சத் திறன்) வாட் கணக்கை நம்பி யாரும் டிரைவர் வாங்க வேண்டாம் என்பது என் அன்பான வேண்டுகோள்.

அடித்தொனி குறைந்ததற்குக் காரணம் பெட்டி. நெவில் தீல் 1961-இல் எழுதி, ரிச்சர்ட் ஸ்மால் 1970-களில் விரிவாக்கிய அளவுகளைத்தான் இன்றும் டிரைவர்களின் விவரத்தாளில் காண்கிறோம். அவற்றில் 'விஏஎஸ்' என்பது, டிரைவரின் விளிம்பும் தாங்கியும் தரும் மீள்தன்மைக்குச் சமமான காற்றின் கொள்ளளவு. பின்புறம் துளையில்லாத 1 லிட்டர் பெட்டியில் விஏஎஸ் 3 லிட்டர் உள்ள டிரைவரைப் பூட்டினால், அதன் ஒத்ததிர்வு (அதற்குக் கீழே அடித்தொனி தேயத் தொடங்கும் எல்லை) 100 ஹெர்ட்ஸிலிருந்து 200 ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். விஏஎஸ் 1 லிட்டர் என்றால் 141 ஹெர்ட்ஸில் நிற்கும். ஒரே 3 அங்குலம், ஒரே 4 ஓம். ஆனாலும் மிருதங்கத்தின் இடப்பக்கம் ஒன்றில் கேட்கும், மற்றொன்றில் கேட்காது.

எனவே மாற்றுவதென்றால் இரண்டு பக்கமும் ஒரே இணையாக மாற்றுங்கள். ஓம் 4-க்குக் கீழே போகவே கூடாது. போனால் ஆம்ப்ளிஃபயர் சில்லு சூடேறிக் கெடும். 8 ஓம் ஆபத்தில்லை, ஆனால் ஒலி இன்னும் இறங்கும். பழைய டிரைவரின் காந்தத்தைச் சுற்றி ஓர் இரும்புக் குவளை இருக்குமே, அது அக்காலக் குழாய்த் திரையின் நிறங்களைக் காந்தப்புலம் கெடுக்காமல் இருப்பதற்காக வைத்தது; தட்டைத் திரைக்கு அது தேவையில்லை.

இவ்வளவும் சொன்னபின், நான் உங்கள் இடத்தில் இருந்தால் டிரைவரை மாற்றவே மாட்டேன். அப்பா கேட்கும் அந்தக் குரல் பழைய கோனில்தான் இருக்கிறது. உதிர்ந்தது நுரை மட்டும். அது பாலியூரித்தேன், நம் ஊர் வெப்பமும் ஈரக்காற்றும் அதை மெல்ல மெல்லச் சிதைத்துவிடும். கோனும், அதை அசைக்கும் கம்பிச்சுருளான 'காயில்' என்பதும் நலமாக இருந்தால், விளிம்பு வளையத்தை மட்டும் வாங்கி ஒட்டலாம். ரப்பர் வளையம் கிடைத்தால் நெடுநாள் உழைக்கும். பால்மரத்தை நம்பி வளர்ந்த நமக்கு இது இயற்கை ரப்பராக இருக்கும் என்று தோன்றும். பெரும்பாலும் செயற்கை ரப்பர்தான், ஏனெனில் காற்றிலுள்ள ஓசோன் பட்டால் இயற்கை ரப்பர் வெடித்துப்போகும். ஆனால் கோன் மிக இலேசாக இருந்தால் நுரையையே போடுங்கள். தடித்த ரப்பர் அதன் அசைவை இறுக்கிவிடும்.

தோட்டத்துமகள் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. மாற்றி இணைத்துப் பார்த்தேன். மெதுவான ஒலி புதிய டிரைவரோடுதான் போனது. முனைகள் சரியாகவே இருந்தன. கழற்றிய பழைய டிரைவரை மல்டிமீட்டரில் அளந்தால் 3.5 ஓம் காட்டுகிறது. நல்லவேளையாக அதை நான் வீசவில்லை. வளையத்துக்கு என்னென்ன அளவு எடுக்க வேண்டும், ஐயா?

பழைய வானொலி எழுதியது:

3.5 நல்ல எண். 4 ஓம் டிரைவரின் நேர்மின் தடை (மல்டிமீட்டர் அளப்பது) அதைவிடச் சற்றுக் குறைவாகக் காட்டுவதுதான் இயல்பு. இரண்டு கட்டைவிரல்களாலும் கோனின் நடுப்பகுதியைச் சமமாக மெல்ல அழுத்துங்கள். உரசல் கேட்காவிட்டால் காயில் வளையவில்லை.

எடுக்க வேண்டிய அளவுகள்: கோனின் வெளிவிட்டம், நுரையின் மேடான பகுதியின் அகலம், உலோகச் சட்டத்தில் வளையம் அமரும் இடத்தின் உள்விட்டமும் வெளிவிட்டமும். எல்லாம் மில்லிமீட்டரில். '3 அங்குலம்' என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாது. வளையம் கோனின் விளிம்புக்கு மேலே ஒட்டியதா, அடியில் ஒட்டியதா என்பதையும் படம் எடுத்து வையுங்கள்.

பழைய பசையைச் சுரண்டும்போது அவசரம் வேண்டாம். காகிதக் கோன் கிழிவது அந்த வேளையில்தான். வெள்ளைப் பசை போதும், சிறிது தவறினால் நகர்த்திச் சரிசெய்ய நேரம் தரும். முதலில் வளையத்தைக் கோனோடு ஒட்டிக் காயவிடுங்கள். பிறகு சட்டத்தோடு ஒட்டும்போது, கைப்பேசியிலிருந்து 30 ஹெர்ட்ஸ் ஒலியை மிகக் குறைவாகக் கொடுத்து, உரசல் முற்றிலும் அடங்கும் இடத்தில் கோனை நிறுத்துங்கள். முழுதாக ஒரு நாள் காய்ந்த பிறகே பெட்டியில் பூட்டுங்கள். இடப்பக்கத்துக்கும் சேர்த்து இப்போதே இரண்டு வளையங்களாக வாங்கிவிடுங்கள். விரிசல் விட்ட நுரை அடுத்த தீபாவளி வரை தாங்காது.