மூன்று டெண்டரும் எஸ்டிமேட்டுக்கு மேல்: சிண்டிகேட்டா என்று எப்படிப் பார்ப்பது?

வடிகால்_ஏ.இ.

வணக்கம். தமிழ்நாட்டில் ஒரு நகராட்சியின் மழைநீர் வடிகால் பணி. எஸ்டிமேட் 4 கோடி, இரண்டு கவர் முறை, இனவாரி விலை (ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனி விலை). மூன்று டெண்டர்தான் வந்தன. தொழில்நுட்பக் கவரில் மூவரும் தேறிவிட்டார்கள். விலைக் கவரைத் திறந்தால் எஸ்டிமேட்டைவிட 4.8, 7.9, 9.6 சதவீதம் அதிகம்.

மூவரும் பேசி வைத்துக்கொண்டு போட்டார்களா என்று காகிதத்தை வைத்தே கண்டுபிடிக்க முடியுமா? நிரூபிக்க முடியாமல் எல்-1க்கே (மிகக் குறைந்த விலை போட்டவருக்கே) வேலை போனால், களத்தில் எதில் கண் வைக்க வேண்டும்?

தணிக்கைக்காரர்

மொத்தத் தொகையை வைத்து எதுவும் சொல்லிவிடாதீர்கள். எஸ்டிமேட் போடப் பயன்படுத்திய அரசு விலைவிகிதப் பட்டியல் பழையதாக இருந்தாலே 5 சதவீதம் கூடுதலாக வரும். கம்பி, சிமென்ட், எம்-சாண்ட் மூன்றின் இன்றைய சந்தை விலையைப் போட்டு எஸ்டிமேட்டை ஒருமுறை திருத்திப் பாருங்கள். அதற்குப் பிறகும் இடைவெளி நின்றால்தான் சந்தேகத்துக்கு இடம்.

அடுத்து, மூவரின் விலைப்பட்டியலையும் எக்செலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு இனத்துக்கும் எல்-2 விலையை எல்-1 விலையால் வகுங்கள். தனித்தனியாகக் கணக்குப் போட்டவர்கள் என்றால் இந்த விகிதம் தாறுமாறாக இருக்கும். ஒருவரிடம் சொந்த ஜேசிபி இருக்கும், மண் வேலையைக் குறைத்துப் போடுவார். இன்னொருவருக்கு கம்பி மொத்த விலையில் கிடைக்கும். ஒரு இனத்தில் 0.85 வரும், அடுத்ததில் 1.2 வரும். மாறாக, இரண்டு இனங்களுக்கு எல்-1 போட்டது 420, 8,300 ரூபாய். எல்-2 போட்டது 432.60, 8,549 ரூபாய் என்றால் இரண்டுக்கும் விகிதம் 1.03தான். ஒரே தாளை எடுத்து 3 சதவீதம் ஏற்றி எழுதியிருக்கிறார்கள். 432 ரூபாய் 60 பைசா என்று எந்த ஒப்பந்ததாரரும் தானாக விலை வைப்பதில்லை.

பிறகு ஆவணங்கள். பி.டி.எஃப்.களின் பண்புகளில் உருவாக்கியவர் பெயர், நேரம் பாருங்கள். இ.எம்.டி. (டெண்டரோடு கட்டும் முன்வைப்புத் தொகை) ஒரே வங்கிக் கிளையில், அடுத்தடுத்த எண்ணில் எடுக்கப்பட்டதா? உறுதிமொழிப் பத்திரத்தின் முத்திரைத்தாள் ஒரே விற்பனையாளரிடம் ஒரே நாளில் வாங்கியதா? ஒரே எழுத்துப்பிழை இரண்டு கடிதத்தில் வருகிறதா? டெண்டர் ஏற்றிய ஐ.பி. முகவரியையும் நேரத்தையும் இணையதளத்தை நடத்துபவர்களிடம் எழுதிக் கேளுங்கள். புனே மாநகராட்சியின் திடக்கழிவு டெண்டர்களில் 2018இல் இந்தியப் போட்டி ஆணையம் தண்டம் விதித்தபோது, ஒரே ஐ.பி. முகவரியிலிருந்து ஏற்றியதும் சான்றாக நின்றது.

இதில் ஒன்று மட்டும் இருந்தால் தற்செயல் என்று வாதாடுவார்கள். மூன்று நான்கு சேர்ந்து, ஒரே இரண்டு பேரைச் சுட்டினால்தான் பலம்.

சட்டப்பிரிவு

தணிக்கைக்காரர் சொன்ன எதையும் ஒப்பந்ததாரர்களிடம் விளக்கமாகக் கேட்டு நோட்டீஸ் அனுப்பிவிடாதீர்கள். பெரும்பாலான கோப்புகள் கெட்டுப்போவது இங்கேதான். நோட்டீஸ் போன அன்றே கணினியும் வாட்ஸ்அப்பும் துடைக்கப்பட்டுவிடும். அலுவலகத்திலும் தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரிந்தால் போதும். மூலக் கோப்புகளை அப்படியே நகலெடுத்து, யார் எப்போது எடுத்தது என்று எழுதி, சீலிட்டு வையுங்கள்.

போட்டிச் சட்டம் 2002இன் 3(3)(ஈ) பிரிவு டெண்டர் கூட்டுச்சதியைப் பெயர் சொல்லியே தடுக்கிறது. போட்டிக்குக் கேடு விளைந்தது என்று நீங்கள் தனியாக நிரூபிக்க வேண்டியதில்லை, சட்டமே அப்படி அனுமானிக்கும். 19ஆம் பிரிவின்படி நகராட்சியே ஆணையத்துக்குத் தகவல் தரலாம். கூட்டு நடந்த ஒவ்வோர் ஆண்டுக்கும் லாபத்தைப் போல மூன்று மடங்கு அல்லது விற்றுமுதலில் 10 சதவீதம், இதில் எது அதிகமோ அதுவரை தண்டம் போகும். கூட்டாளிகளில் முதலில் வந்து உண்மையைச் சொல்பவருக்கு 46ஆம் பிரிவில் முழுத் தண்டமும்கூடக் குறையலாம், இரண்டாமவருக்கு 50, மூன்றாமவருக்கு 30 சதவீதம் வரை. சிண்டிகேட்டை உள்ளிருந்து உடைப்பது இந்தப் பிரிவுதான்.

எல்-1ஐ அழைத்து விலை குறைக்கச் சொல்ல தமிழ்நாடு டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998இன் 10ஆம் பிரிவு இடம் தருகிறது. ஆனால் சிண்டிகேட் என்று சந்தேகம் இருக்கும்போது அதை நம்பி இறங்காதீர்கள். குறைத்துக்கொடுக்க வேண்டிய 2, 3 சதவீதத்தை முன்கூட்டியே ஏற்றி வைத்துத்தான் வருவார்கள். நீங்கள் பேசிக் குறைத்தீர்கள் என்று கோப்பில் பதிவாகி, கூட்டு விலைக்கு அலுவலகமே ஒப்புதல் முத்திரை குத்தியதுபோல் ஆகிவிடும்.

சைட்_மேஸ்திரி_அல்ல

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கூட்டுச் சேராத ஒப்பந்ததாரரிடமும் இருக்கும் ஆபத்து இது: அளவு கூடப்போகிற இனத்தில் விலையை ஏற்றி, குறையப்போகிற இனத்தில் இறக்கி வைப்பது. ஒரு மாதிரிக் கணக்கு:

ஷெட்யூலில் (டெண்டரின் அளவுப் பட்டியலில்) மண் தோண்டல் 2,000 கன மீட்டர், கான்கிரீட் 600 கன மீட்டர். ஒருவர் போட்ட விலை 420, 8,300. மொத்தம் 58.2 லட்சம். அடுத்தவர் 280, 8,900. மொத்தம் 59 லட்சம். முதலாமவர் எல்-1. களத்தில் தோண்டல் 3,500 ஆகி, கான்கிரீட் 550 ஆனால்? முதலாமவருக்கு 60.35 லட்சம், இரண்டாமவருக்கு 58.75 லட்சம். எல்-1 என்று கொடுத்தவருக்கு 1.6 லட்சம் கூடுதலாகப் போகிறது. ஷெட்யூல் அளவு தப்பு என்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்ற கேள்வியும் சேர்ந்தே எழ வேண்டும். அலுவலகத்துக்குள்ளிருந்து தகவல் போகாமல் இது அடிக்கடி நடக்காது.

அதனால் வேலை ஆணைக்கு முன்பே பெரிய பத்து இனங்களின் அளவைக் களத்தில் சரிபாருங்கள். வேலை தொடங்குமுன் தரைமட்டத்தை இரு தரப்பும் சேர்ந்து எடுத்து, எம்-புக்கில் (அளவுப் புத்தகத்தில்) கையெழுத்திட வேண்டும். தோண்டிய பிறகு பழைய மட்டம் என்ன என்று யாராலும் சொல்ல முடியாது. வடிகாலில் மறைந்துபோகும் வேலைகள் மூன்று: தோண்டிய ஆழம், அடித்தளக் கான்கிரீட்டின் கனம், கம்பி. மூன்றையும் மூடுமுன் அளந்து, இட அடையாளத்தோடு படம் எடுக்காமல் அடுத்த கட்டத்துக்கு அனுமதி தராதீர்கள்.

கியூப் (கான்கிரீட்டின் வலிமையைச் சோதிக்க வார்க்கும் கட்டி) விஷயத்தில், கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்லும் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள்: 5 கன மீட்டர் வரை ஒரு மாதிரி, 6 முதல் 15 வரை இரண்டு, 16 முதல் 30 வரை மூன்று, 31 முதல் 50 வரை நான்கு, அதற்குமேல் ஒவ்வொரு 50க்கும் கூடுதலாக ஒன்று. ஒரு மாதிரிக்கு மூன்று கியூப். 20 கன மீட்டர் போட்ட நாளில் 9 கியூப் இருக்க வேண்டும். வேறெங்கோ நல்ல கலவையில் செய்த கியூபைக் கொண்டுவந்து வைப்பது பழைய வித்தை. வார்க்கும்போதே தேதியும் உங்கள் கையெழுத்தும் போட்ட சீட்டை ஈரக் கலவையில் பதித்துவிடுங்கள்.

இன்னொன்று: தோற்ற இருவரின் லாரியோ இயந்திரமோ சைட்டில் நிற்கிறதா, பொருள் பில்லில் அவர்கள் ஜி.எஸ்.டி. எண் வருகிறதா என்று பாருங்கள். விட்டுக்கொடுத்ததற்கான பங்கு பெரும்பாலும் துணை ஒப்பந்தமாகத்தான் போய்ச் சேரும்.

வடிகால்_ஏ.இ.

மிக்க நன்றி. விகிதம் போட்டுப் பார்த்ததில் எல்-1, எல்-2 இடையே 62 இனங்களில் 57க்கு 1.03 வருகிறது. எல்-3 விலைகள் தாறுமாறாகத்தான் இருக்கின்றன. அப்படியானால் முதல் இருவரையும் தள்ளிவிட்டு எல்-3க்குக் கொடுக்கலாமா?

சட்டப்பிரிவு

வேண்டாம். சந்தேகத்தின் பேரில் இருவரைத் தள்ளினால், 10 நாளுக்குள் அதே 1998 டெண்டர் சட்டத்தின் 11ஆம் பிரிவில் அரசுக்கு மேல்முறையீடு போவார்கள். 9.6 சதவீதம் அதிகமாக ஏன் கொடுத்தீர்கள் என்று தணிக்கையும் கேட்கும். திருத்திய சந்தை மதிப்பைக் காட்டி, விலை அதிகம், போட்டி போதவில்லை என்ற காரணங்களை எழுதி மொத்தமாக ரத்து செய்து மறுடெண்டர் விடப் பரிந்துரையுங்கள். விகிதத் தாளைத் தனி ரகசியக் குறிப்பாக நகராட்சி ஆணையருக்கு அனுப்புங்கள்.

தணிக்கைக்காரர்

மறுடெண்டரை அதே நிபந்தனைகளோடு விட்டால் அதே மூவர்தான் வருவார்கள். இத்தனை கிலோமீட்டருக்குள் சொந்த ரெடிமிக்ஸ் ஆலை வேண்டும் என்ற நிபந்தனை இருந்தால் எடுத்துவிடுங்கள், வாடகை ஒப்பந்தம் போதும். முன் அனுபவமாகக் கேட்கும் 'ஒத்த பணி' என்பதை வடிகாலோடு நிறுத்தாமல் சிறுபாலம், தடுப்புச்சுவர் என்று விரியுங்கள். 2 கோடிக்கு மேற்பட்ட பணி என்பதால் குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும், அவசரம் என்று சுருக்க இடம் கொடுக்காதீர்கள். எல்லோரையும் ஒரே நாளில் சைட்டுக்கு வரவழைத்துப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கும் வழக்கத்தையும் விடுங்கள். யார் யார் போட்டியில் இருக்கிறார்கள் என்ற பட்டியலை நாமே அவர்கள் கையில் கொடுப்பதாகிவிடும்.