தடைக்காலத்தில் படகிலேயே கிடப்பவனின் கேள்வி

ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில், வடகடல் ஓரம் எங்கள் விசைப்படகு நிற்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். வலை பொத்துவது போக மீதி நேரமெல்லாம் படகில்தான் கிடக்கிறேன். நுங்கு, ரேடியோ, மதியத் தூக்கம் என்று ராஜ வாழ்க்கை. ஆனால் பதினொரு மணிக்கு மேல் அறை அடுப்பாகிவிடுகிறது. டீசல் நாற்றம் வேறு. இங்கிலாந்தில் கால்வாய்ப் படகிலேயே குடியிருக்கிறார்களாமே, எப்படிச் சமாளிக்கிறார்கள்?

பதில் 1:
தம்பி, அப்படியொரு படகில் ஒரு கோடை முழுவதும் இருந்திருக்கிறேன். அகலம் 7 அடிகூட இல்லை. கால்வாயில் படகை ஏற்றி இறக்கும் குறுகிய மதகுகளுக்குள் நுழைய வேண்டுமே! மதகுக் கதவை நாமே முதுகு கொடுத்துத் தள்ள வேண்டும். வேகம் மணிக்கு 4 மைலைத் தாண்டக் கூடாது. கரையில் நாயோடு நடப்பவர் நம்மை முந்திக்கொண்டு போவார், கையும் அசைப்பார். எஃகுப் படகு, அதுவும் கொதிக்கும். மர நிழல் பார்த்துக் கட்டுவோம். உங்களுக்கு மரம் ஏது? அறைக் கூரைக்கு ஒரு முழம் மேலே தார்ப்பாய் கட்டுங்கள். இடையில் காற்று ஓட வேண்டும், ஒட்டிக் கட்டினால் வீண்.

பதில் 2:
அண்ணன் சொல்வது சரி. முன்பக்க நங்கூரத்தில் மட்டும் விட்டால் படகு மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்றுக்கு முகம் கொடுத்து நிற்கும். அடியில் தேங்கிய தண்ணீரை இறைத்துவிடுங்கள். பாதி நாற்றம் அதில்தான்.

கேட்டவர்:
இறைத்தேன், கட்டினேன். வெக்கை குறைந்தது. இப்போது தார்ப்பாய் படபடக்கும் சத்தத்தில் தூக்கம் போகிறது.