கர்ணன் கழுதைக்கு கோனார் நோட்ஸ் தேவையா?

மேட்னி: 'கர்ணன்' (2021) திரும்பப் பார்த்தேன். படம் பிடிச்சது, கழுதைதான் பிடிக்கலை. முன்னங்கால் ரெண்டையும் கட்டிப்போட்ட கழுதை. முதல் தடவை காட்டினதுமே ஊர் ஜனங்க நிலைமைதான்னு புரிஞ்சுபோச்சு. அப்புறமும் விடாம காட்டி, ஊர்ல நிக்காம போற பஸ்ஸை உடைக்கிற காட்சியை ஒட்டி கர்ணன் அதோட கட்டை எடுத்துவிட, மலையேறுது. கோனார் நோட்ஸ் எதுக்குங்க?

கரிசல்: கழுதையை சினிமாலதான் பார்த்திருக்கீங்க போல. எங்க ஊர்ல துணி வெளுக்கிறவங்க கழுதையை மேய விடும்போது தளைக்கயிறு போட்டுத்தான் விடுவாங்க. ரெண்டு முன்னங்காலையும் ஒண்ணா தூக்கி வச்சு, எக்கி எக்கித்தான் புல்லுக்குப் போகும். கயிறு உரசுற இடத்துல முடி போய் தோல் தெரியும். சின்ன வயசுல அதைப் பார்த்து சிரிச்சிருக்கோம். படத்துல சிரிப்பு வரலை. உங்களுக்குத்தான் குறியீடு, எங்களுக்கு அது கழுதை.

மேட்னி: அண்ணே, கழுதை பொய்னு சொல்லலையே. எத்தனை தடவைங்கிறதுதான் கேள்வி. 'கர்ணன்' எடுத்த இயக்குநர் மாரி செல்வராஜே 'பரியேறும் பெருமாள்' (2018) கடைசி ஷாட்ல ரெண்டு டீ கிளாஸ் வச்சார், நடுவுல ஒரு மல்லிகைப்பூ. அவ்வளவுதான். டீக்கடையில சாதி பார்த்து தனி கிளாஸ் குடுக்கிற ரெட்டை டம்ளர் தெரிஞ்சவனுக்குத் தொண்டை அடைக்கும், தெரியாதவனுக்கு வெறும் டீ. பார்க்கிறவன் மேல இருந்த அந்த நம்பிக்கை எங்க போச்சு?

ரீல்பெட்டி: குறுக்க வர்றேன். தெரியாதவனுக்கு வெறும் டீன்னா அப்புறம் யாருக்காக எடுக்கிறது? சாவுன்னா விளக்கு அணையும், முத்தம்னா ரெண்டு பூ முட்டிக்கும். அதையெல்லாம் வருஷக்கணக்கா வாய் திறக்காம பார்த்தோம், கழுதைக்கு மட்டும் கணக்குப் பார்க்கிறோம். 'காலா' (2018) கிளைமாக்ஸ்ல கருப்பு, சிவப்பு, நீலம்னு பொடி பறந்தப்போ பக்கத்து சீட்டுல இருந்த பெரியவர் எழுந்து நின்னு கைதட்டினார். நுணுக்கம் பத்தலைன்னு அவர்கிட்ட போய் சொல்லுங்க.

மேட்னி: அவருக்கு ஏற்கெனவே தெரிஞ்ச நீலம் அது, அம்பேத்கர் கொடி நீலம். மேடையில கொடி ஏறினாலும் தட்டியிருப்பார். விளக்கு அணையறதையும் நான் கிண்டல்தான் பண்ணுவேன், அதுல பாரபட்சம் கிடையாது.

கரிசல்: சரி தம்பி, டீ கிளாஸ் ஒரு படி மேலதான், ஒத்துக்கிறேன். எனக்கும் ஒரு குறை உண்டு. நிஜத்துல தளையை அவிழ்த்துவிட்டாலும் கழுதை பத்தடி தூரம் பழைய மாதிரியே எக்கி எக்கித்தான் போகும். கால் பழகிப்போயிருக்கும். எனக்கு மலையெல்லாம் வேண்டாம், அந்தப் பத்தடியை இன்னும் கொஞ்ச நேரம் காட்டியிருந்தா போதும்.