மறு: கலைச்சொல் – விமானம் வாங்கும் முன் செய்யும் ஆய்வு

அன்புள்ள குழுவினருக்கு வணக்கம்.

> ப்ரீ-பை இன்ஸ்பெக்‌ஷனுக்கு 'முன்கொள்முதல் ஆய்வு' என்றே வைத்துவிடலாமே. பொருள் விளங்குகிறதே.

விளங்குவது காலம் மட்டும்தான். அந்த ஆய்வு யாருக்காக நடக்கிறது என்பது அச்சொல்லில் இல்லை. விமானம் வாங்குகிறவருக்கு அதுதான் உயிரான செய்தி. ஆகவே சொல்லை அகராதியில் ஏற்றும் முன் இதை ஒருமுறை எண்ணிப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

'கொள்முதல்' பற்றி ஒரு வரி. நெல் கொள்முதல், பால் கொள்முதல் என்று அரசும் கூட்டுறவுச் சங்கங்களும் மொத்தமாக வாங்குவதற்கே அச்சொல் இன்று பழகிவிட்டது. ஒருவர் தம் சேமிப்பைக் கொடுத்துப் பழைய செஸ்னா 172 சிறு விமானம் ஒன்றை எடுப்பதற்கு 'வாங்குதல்' போதும்.

இனி முதன்மையான செய்தி. இந்த வழக்கம் வலுவாக வேரூன்றியிருப்பது அமெரிக்காவின் சிறு விமானச் சந்தையில். அங்கே தனியார் சிறு விமானங்களில் பெரும்பாலானவை 12 மாதத்துக்கு ஒருமுறை ஆண்டாய்வு முடித்தாக வேண்டும். எதையெல்லாம் திறந்து பார்க்க வேண்டும், யார் கையொப்பமிடலாம் என்பதை அந்நாட்டு விமானப் போக்குவரத்து ஆணையமான எஃப்.ஏ.ஏ.வின் விதிகள் வரையறுத்திருக்கின்றன. வாங்குவதற்கு முன் செய்யும் ஆய்வுக்கோ அவ்விதிகளில் வரையறையே கிடையாது. ஒரு மணி நேரம் சுற்றிவந்து பார்ப்பதையும் அப்பெயரால் சொல்லலாம். பல நாள் தகடுகளைக் கழற்றிப் பார்ப்பதையும் சொல்லலாம். வாங்குகிறவரும் மெக்கானிக்கும் எழுதிக்கொள்ளும் உடன்படிக்கைதான் அதன் எல்லை.

இந்த இடைவெளியில்தான் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். "ஆண்டாய்வைப் புதிதாக முடித்துத் தருகிறேன், உங்களுக்குத் தனி ஆய்வு எதற்கு?" என்று விற்பவர் சொல்வது வெகு சாதாரணம். அந்த ஆண்டாய்வைப் பெரும்பாலும் விற்பவர் பணத்தில், அந்த விமானத்தைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவந்த மெக்கானிக்கே செய்கிறார். அவரை நேர்மையற்றவர் என்று எண்ண வேண்டியதில்லை. தான் விட்டுவைத்த குறையைத் தானே கண்டுபிடிப்பது எவருக்கும் கடினம், அவ்வளவுதான். ஆனால் 'முன்கொள்முதல் ஆய்வு' என்று நாம் பெயர் வைத்தால், விற்பனைக்கு முந்தின வாரம் முடித்த இந்த ஆண்டாய்வும் அப்பெயருக்குள் நுழைந்துவிடும். வாங்குகிறவரை ஏமாற்றக்கூடிய பொருளுக்கு நம் சொல்லே கதவு திறந்துவிடக் கூடாது.

இரண்டு ஆய்வுகளும் கேட்கும் கேள்வியே வேறு. இன்று இந்த விமானம் பறக்கத் தகுதியாக இருக்கிறதா என்பது ஆண்டாய்வின் கேள்வி. இந்த விலைக்கு இது தகுமா, அடுத்த சில ஆண்டுகளில் எவ்வளவு செலவு வைக்கும் என்பது வாங்குகிறவரின் கேள்வி. சிறு விமான எஞ்சின் தயாரிப்பாளரான லைகாமிங்கின் நான்கு சிலிண்டர் எஞ்சின்களை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் பலவற்றுக்கு 2000 மணி நேரம் அல்லது 12 ஆண்டு, இவற்றில் எது முதலில் வருகிறதோ அப்போது முழுச் சீரமைப்பு என்பது தயாரிப்பாளரின் பரிந்துரை. "இன்னும் 1200 மணி நேரம் மிச்சமிருக்கிறது" என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். ஆனால் இவ்வெஞ்சின்களில் வால்வுகளை இயக்கும் தண்டான கேம்ஷாஃப்ட் மேல்பகுதியில் இருக்கிறது. விமானம் மாதக்கணக்கில் நின்றால் எண்ணெய் கீழே வடிந்து, கேம் முனைகளில் துரு பிடிக்கும். பின்னர் ஓட்டும்போது உலோகத் துகள் உதிரும். சிலிண்டருக்குள் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைச் செலுத்திக் கசிவை அளக்கும் சோதனையில் இது தெரியவே தெரியாது. எண்ணெய் வடிகட்டியை அறுத்துப் பார்க்க வேண்டும். ஐயம் வலுத்தால் ஒரு சிலிண்டரைக் கழற்றிப் பார்க்க வேண்டும், அதற்கு விற்பவரின் அனுமதி வேண்டும். குறைவாகப் பறந்த விமானம் நல்ல விமானம் என்ற நம்பிக்கை இங்கே தலைகீழாகிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 2019 மே மாதம் ஆஸ்திரேலியாவின் மவுண்ட் ஐசா அருகே, நில அளவைப் பணியில் தாழப் பறந்துகொண்டிருந்த செஸ்னா 210 ஒன்றின் இறக்கை பிய்ந்து இருவர் இறந்தார்கள். இரு இறக்கைகளையும் இணைத்துக் கூரையின் குறுக்கே செல்லும் உத்திரத்தில், சிறு அரிமானக் குழியிலிருந்து தொடங்கி, மீண்டும் மீண்டும் ஏறும் சுமையால் வளர்ந்த களைப்பு விரிசல்தான் காரணம் என்று விசாரணை கண்டது. அந்த உத்திரம் பயணியின் தலைக்கு மேலே, உள்விரிப்புக்குப் பின்னால் மறைந்திருக்கிறது. அடுத்த ஆண்டு எஃப்.ஏ.ஏ. அவ்வகையின் பழைய மாதிரிகளுக்கு, உலோகத்தில் விரிசலைக் கண்டறியும் சுழல் மின்னோட்டச் சோதனையைக் கட்டாயமாக்கியது. பல வகைகளுக்கு இப்படித் தனக்கே உரிய ஒரு நோய் இருக்கிறது. அதை அறிந்த மெக்கானிக்கைத் தேடிப்பிடிப்பது வாங்குகிறவரின் வேலை.

ஏடுகளைப் பார்ப்பதும் இந்த ஆய்வின் பகுதிதான். உண்மையில் அதைத்தான் முதலில் செய்ய வேண்டும், செலவு குறைவு. பராமரிப்புப் பதிவேடு தொடக்கத்திலிருந்து விடுபடாமல் இருக்கிறதா, குறைகளைச் சரிசெய்யச் சொல்லி எஃப்.ஏ.ஏ. பிறப்பிக்கும் பறப்புத் தகுதி ஆணைகள் நிறைவேற்றப்பட்டிருக்கின்றனவா, ஓக்லஹோமா சிட்டியில் உள்ள எஃப்.ஏ.ஏ. விமானப் பதிவகத்தில் பெரும் பழுதுபார்ப்புப் படிவம் ஏதேனும் உண்டா என்றெல்லாம் பார்க்க வேண்டும். அதே பதிவகத்தில் உரிமையையும் கடனையும் தேடுவதற்கு நாம் புதிதாக எதையும் ஆக்க வேண்டியதில்லை. 'வில்லங்கம் பார்த்தல்' என்று பத்திரப்பதிவு அலுவலக வாசலில் நம் மக்கள் சொல்வது அச்சாகப் பொருந்துகிறது.

சென்ற மடலில் ஒருவர் 'நோட்டம்' என்று முன்மொழிந்திருந்தார். அழகான சொல், பொன்னையும் காசையும் தேர்ந்து பார்ப்பதற்கு நம் முன்னோர் ஆண்டது. ஆனால் இன்று 'நோட்டம் விடுதல்' என்றால் திருடன் வீட்டைச் சுற்றிவருவதுதான் நினைவுக்கு வருகிறது. மனமில்லாமலே அதைக் கைவிடுகிறேன். 'சோதனை'யை அதன் உட்கூறுகளுக்கு, அதாவது கசிவுச் சோதனை, எண்ணெய்ச் சோதனை போன்றவற்றுக்கு வைத்துக்கொள்ளலாம். முழுச் செயலுக்கு 'ஆய்வு' பொருந்தும். ஆண்டாய்வு என்பதோடும் இணங்கி நிற்கும்.

அப்படியானால் 'வாங்குவோர் ஆய்வு' எனலாமா? 'நுகர்வோர் ஆய்வு' போல, வாங்குகிறவர்களைப் பற்றிய கருத்துக்கணிப்பு என்று படிப்பவர் எடுத்துக்கொள்வார். இந்தக் குழப்பத்தைத் தீர்க்க நீதிமன்றத் தமிழில் ஒரு சொல் ஆயத்தமாக இருக்கிறது: தரப்பு. வாதி தரப்பு வழக்கறிஞர் என்றால் அவர் யாருக்காக நிற்கிறார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. எனவே என் பரிந்துரை 'வாங்குநர் தரப்பு ஆய்வு'. நீளம்தான். ஆனால் இது வாய்க்குள் முணுமுணுக்கும் சொல் அல்ல, உடன்படிக்கையில் எழுதும் சொல். அங்கே இரண்டு எழுத்து மிச்சப்படுத்துவதைவிடப் பொருள் வழுவாமல் இருப்பது பெரிது. வினையாக வரும்போது 'செய்தல்' என்று எழுதாமல் 'செய்வித்தல்' என்று எழுத வேண்டும். வாங்குநர் செய்விக்கிறார், மெக்கானிக் செய்கிறார். பிறவினை நம்மிடம் இருக்கும்போது அதைப் பயன்படுத்தாமல் விடுவானேன்?

அகராதிக்கு என் வரைவு, திருத்தங்களை வரவேற்கிறேன்:

வாங்குநர் தரப்பு ஆய்வு (பெ.): பழைய விமானம் ஒன்றை வாங்க விரும்புபவர், அதன் பராமரிப்பில் தொடர்பில்லாத மெக்கானிக்கைக் கொண்டு, எழுதி ஒப்புக்கொண்ட எல்லைக்குள், தம் செலவில் விமானத்தையும் அதன் ஏடுகளையும் ஆராய்வித்தல். ஆண்டாய்வு இதற்கு ஈடாகாது. வாங்குவது உறுதியானபின், இருவரும் இசைந்தால், இதையே தொடர்ந்து ஆண்டாய்வாக நிறைவு செய்யலாம்.