ஆலடி வீட்டு குரூப்: விக்கி விசா விஷயம்

சனி, இரவு 7:48

மல்லிகா சித்தி: எல்லாருக்கும் ஒரு நல்ல சேதி. விக்கிக்கு துபாய் விசா வந்துருச்சு. ஏசி டெக்னீஷியன் வேலை. ஏஜென்ட் இப்பதான் போன் பண்ணுனாரு. 10ஆம் தேதி டிக்கெட்டாம். மிச்சப் பணத்தை திங்கக்கிழமைக்குள்ள கட்டச் சொல்றாரு

மாலா அத்தை: அடடே 💐💐 சந்தோஷம் அண்ணி

மாலா அத்தை: மிச்சம்னா எவ்வளவு

மல்லிகா சித்தி: 1.20

மாலா அத்தை: லட்சமா??

மாமா: 👍

தீபா: சித்தி 10ஆம் தேதியா? 15 காதுகுத்து. விக்கி மடியிலதான பாப்பாவ உக்கார வைக்கணும்

விக்கி: கேட்டுப் பாத்தேங்கா. தள்ளிப் போட முடியாதுங்குறாங்க

தீபா: தாய்மாமன் இல்லாம காது குத்தவா. பத்திரிகையில பேர் போட்டாச்சுடா

அப்பா: பத்திரிகை அடிச்சாச்சா? என்கிட்ட காட்டவே இல்ல

தீபா: ப்ரூஃப் பாத்ததே நீங்கதான்ப்பா

குமார் சித்தப்பா: அண்ணி, ஏஜென்ட் அனுப்புன பேப்பரை அப்படியே போட்டோ எடுத்துப் போடுங்க. பணம் எதுவும் கட்டிறாதீங்க. டூட்டில இருக்கேன், முடிஞ்சதும் பாக்குறேன்

விக்கி: [போட்டோ]

விக்கி: [போட்டோ] ரெண்டாவது ஆஃபர் லெட்டர் சித்தப்பா

மாமா: ⏩ பலமுறை அனுப்பப்பட்டது
இந்தியர்களுக்கு ஜாக்பாட்!! 23 லட்சம் கட்டினால் ஆயுள் முழுக்க அமீரக கோல்டன் விசா!! அனைவருக்கும் பகிரவும்

தீபா: மாமா இது பழசு. 2025 ஜூலைலயே அந்த நாட்டு அரசாங்கம் பொய்னு சொல்லிருச்சு

மாமா: 👍

மாலா அத்தை: உங்க மாமாகிட்ட 23 லட்சம் இருக்குதாக்கும். கேஸ் சிலிண்டருக்கு என்கிட்ட கேக்குறாரு

இரவு 9:20

குமார் சித்தப்பா: விக்கி, பாத்துட்டேன். இது வேலை விசா இல்லடா. நல்லா பெருசு பண்ணிப் பாரு, டூரிஸ்ட், 60 நாள், சிங்கிள் என்ட்ரின்னு போட்டிருக்கு. இதுல வந்து ஊர் சுத்திப் பாக்கலாம், வேலை பாக்கக் கூடாது. "அங்க போய் மாத்திக்கலாம்"னு சொல்லிருப்பாரு. மாத்த வழி இல்லாம இல்ல. இங்க வந்த பிறகு ஒரு கம்பெனி வேலை பெர்மிட் எடுத்து விசாவை மாத்திக் குடுக்கலாம், அது சட்டப்படிதான். ஆனா பெர்மிட் கைக்கு வர்ற வரைக்கும் ஸ்பேனரைத் தொடக் கூடாது. இவனுங்க மறுநாளே வேலைக்கு ஏத்திருவானுங்க. 60 நாள் முடியும்போது "கம்பெனிக்கு விசா கோட்டா இல்ல"ம்பான். அதுக்கப்புறம் தங்குற ஒவ்வொரு நாளுக்கும் 50 திர்ஹம் ஃபைன், அது கம்பெனி தலையில இல்ல, உன் தலையில. செஞ்ச வேலைக்குச் சம்பளம் கேட்டு லேபர் ஆபீஸ் போனா, பெர்மிட் எங்கன்னுதான் மொதல்ல கேப்பான்

மாலா அத்தை: ஆத்தாடி

அப்பா: நாங்க போனப்ப இதெல்லாம் பாத்துட்டா போனோம்

மாலா அத்தை: பாக்காமப் போனதாலதான்

அப்பா: என்ன பாக்காம

தீபா: அத்தை ப்ளீஸ்

மல்லிகா சித்தி: தம்பி, ஆஃபர் லெட்டர்ல கம்பெனி சீல் எல்லாம் இருக்கே. உங்க அண்ணனும் கேக்க சொன்னாங்க

குமார் சித்தப்பா: சீல் செய்யிறது பெரிய விஷயமாண்ணி. இங்க லேபர் மினிஸ்ட்ரி ஆஃபர்னு தனியா ஒண்ணு வரும். அதுல ஒரு நம்பர் இருக்கும், மினிஸ்ட்ரி வெப்சைட்ல போட்டா நெசமா பொய்யானு தெரிஞ்சிரும். அரபி, இங்கிலீஷ், கூட நமக்குப் புரியிற மொழி ஒண்ணு, மூணும் பக்கத்துல பக்கத்துல இருக்கும். தமிழ்லயே கேட்டு வாங்கலாம்

விக்கி: தமிழ்லயா??

குமார் சித்தப்பா: ஆமாடா. இந்தி, மலையாளம், சிங்களம், நேபாளின்னு 11 மொழி வச்சிருக்கான், தமிழும் இருக்கு. அதைப் படிச்சு கையெழுத்துப் போட்டுட்டுத்தான் ஊர்ல இருந்து கிளம்பணும்

குமார் சித்தப்பா: இப்ப சம்பளத்தைப் பாரு. 1,500 திர்ஹம்னு கொட்டை எழுத்துல போட்டிருக்கான். கீழ பொடி எழுத்துல பேசிக் 600, அலவன்ஸ் 900. இங்க சூட்சுமமே அந்த 600தான். ஓவர்டைம் பேசிக்ல இருந்துதான் கணக்கு. 600ஐ 30 நாளால வகு, 8 மணி நேரத்தால வகு, ரெண்டரை திர்ஹம். ஓவர்டைமுக்கு அதுல கால்வாசி சேத்து மூணு திர்ஹம் சொச்சம். வேலையை விட்டு வரும்போது தர்ற சர்வீஸ் பணமும் அப்படித்தான், மொதல் அஞ்சு வருசம் வரைக்கும் வருசத்துக்கு 21 நாள் பேசிக். 600க்கு 420 திர்ஹம் வரும். 1,500ம் பேசிக்கா இருந்தா 1,050. ஒரே வேலை, ஒரே வெயிலு

மாலா அத்தை: குமாரு கணக்கு வாத்தியாரா போயிருக்கலாம்

குமார் சித்தப்பா: சிரிக்காத அக்கா. அலவன்ஸ்ல பாதியை "ரூம் கம்பெனி குடுக்குது"ன்னு புடிச்சிருவான், கைக்கு வர்றது 1,000 இருந்தாலே அதிகம்

தீபா: விசா செலவு யாரு போடணும் சித்தப்பா

குமார் சித்தப்பா: கம்பெனி. ஆள் எடுக்குற செலவை ஆள்கிட்ட வாங்கக் கூடாதுன்னு 2021 சட்டத்துலயே இருக்கு. பாஸ்போர்ட்டைப் புடுங்கி வைக்கவும் கூடாது. நம்ம ஊர் ஏஜென்ட் அரசாங்க லைசென்ஸ் வச்சிருந்தா சர்வீஸ் சார்ஜ் 30,000 வரைக்கும் வாங்கலாம், அதுக்கு மேல 18 பர்சென்ட் ஜிஎஸ்டி. மொத்தம் 35,400. ரசீது குடுக்கணும். 1.20ங்கறது எந்தக் கணக்குலயும் சேராது

மல்லிகா சித்தி: ஊர் உலகத்துல எல்லா ஏஜென்ட்டும் வாங்குறான் தம்பி. கடைத்தெரு வீட்டுப் பையன் 1.80 குடுத்துட்டுப் போனான். இப்ப வீட்டுக்கு டைல்ஸ் போடுறாங்க

மாலா அத்தை: டைல்ஸ் அவன் மாமனாரு போட்டது அண்ணி

அப்பா: 1994ல சவுதிக்கு நான் 65 ஆயிரம் குடுத்தேன். அன்னைக்கு அது எவ்வளவு பெரிய காசு

மாலா அத்தை: குடுத்தது நீங்க இல்லண்ணே. மேலத்தோப்பு

அப்பா: 🚫 இந்த மெசேஜ் நீக்கப்பட்டது

தீபா: அத்தை. அப்பத்தா பக்கத்துல உக்காந்து எல்லாத்தையும் படிக்கச் சொல்லிக் கேக்குது

மாலா அத்தை: அம்மாவுக்குத் தெரியாததா. கைநாட்டு வச்சதே அம்மாதான்

இரவு 9:52

விக்கி: சித்தப்பா எனக்கு ஈசிஎன்ஆர் பாஸ்போர்ட். டிப்ளமோ முடிச்சிருக்கேன்ல. கிளியரன்ஸ் எல்லாம் வேணாம்னு ஏஜென்ட் சொன்னாரு

குமார் சித்தப்பா: அது சரிதான். பத்தாவது பாஸ் பண்ணாதவங்களுக்குத்தான் ஈசிஆர், வளைகுடா மாதிரி 18 நாட்டுக்கு வேலைக்குப் போறதுன்னா அவங்க நம்ம அரசாங்கத்துகிட்ட கிளியரன்ஸ் வாங்கணும். பெரியண்ணன் சவுதி போனப்ப வாங்குனாரே. கூடவே 10 லட்சத்துக்கு இன்சூரன்ஸும் கட்டாயம், ரெண்டு வருசத்துக்கு 275 ரூவாதான். உனக்கு அந்தக் கேட் இல்லைங்கறதாலதான் இவனுங்க படிச்ச புள்ளைங்களா பாத்து விசிட் விசால தள்ளுறானுங்க. கேக்க ஆள் இல்ல

குமார் சித்தப்பா: நம்ம அரசாங்கத்தோட இ-மைக்ரேட் வெப்சைட் போ. ஏஜென்ட் லிஸ்ட் இருக்கும். அந்தாளு ஆபீஸ் பேரைப் போட்டுப் பாரு

விக்கி: பாத்துட்டேன்

விக்கி: பேர் இருக்கு

மல்லிகா சித்தி: பாத்தீங்களா

விக்கி: எக்ஸ்பயர்டுன்னு இருக்கு

மாலா அத்தை: 🤦

மல்லிகா சித்தி: ரினீவலுக்குக் குடுத்திருப்பாங்க. போர்டு எல்லாம் பெருசா வச்சிருக்காரு

தீபா: சித்தி, அரசாங்கமே ஒரு கம்பெனி வச்சிருக்கு. சென்னைல, அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம். 1978ல இருந்து நடக்குது. அதுல பதிஞ்சு வச்சா என்ன

மல்லிகா சித்தி: அதுல எழுதிப் போட்டா இவனுக்கு நரை விழுந்த பிறகு கூப்பிடுவான்

மல்லிகா சித்தி: இவ்வளவு வெவரம் தெரிஞ்ச தம்பி ஷார்ஜால 11 வருசமா இருக்காங்க. நம்ம புள்ளைக்கு ஒரு விசா எடுத்து விட்டிருக்கலாம்ல. கேட்டதே இல்லையா நாங்க

(யாரும் எதுவும் போடவில்லை)

மாமா: 🙏

மாலா அத்தை: எதுக்கு இப்ப கும்புடு

இரவு 10:17

குமார் சித்தப்பா: அண்ணி, நான் ஸ்டோர் கீப்பர். முதலாளி இல்ல. எங்க கம்பெனில ஏசி வேலையே கெடையாது. ரெண்டு வருசம் முன்னாடி ஹெல்பர் எடுத்தாங்க, சொன்னேன். "டிப்ளமோ படிச்சவன் மூட்டை தூக்கவா"ன்னு கேட்டது அண்ணன்தான். அதைத் தப்புன்னு சொல்லல

மல்லிகா சித்தி: உங்க அண்ணன் சொன்னதை வச்சு என்னைச் சொல்லாதீங்க

விக்கி: அம்மா விடும்மா

விக்கி: சித்தப்பா ஏசி வேலை அங்க எப்படி இருக்கும்

குமார் சித்தப்பா: வேலைக்குப் பஞ்சம் இல்ல. ஏசி இல்லாம இந்த ஊர் ஒரு நாள் ஓடாது. ஆனா அவுட்டோர் யூனிட் எல்லாம் மொட்டை மாடிலதான். ஜூன் 15ல இருந்து செப்டம்பர் 15 வரைக்கும் மத்தியானம் 12:30ல இருந்து 3 மணி வரை வெயில்ல வேலை வாங்கக் கூடாதுன்னு ரூல். நல்ல கம்பெனி மதிக்கும். மத்த நேரம் மட்டும் என்ன வாழுது, காலைல 9 மணிக்கே ஸ்க்ரூ டிரைவர் கைல சுடும். ரூம்ல நாங்க 6 பேரு, கட்டில் மேல கட்டில். சமையல் முறை வச்சு. என் முறை செவ்வாக்கிழமை, அன்னைக்கு எல்லாரும் ஹோட்டல்ல சாப்புட்டு வந்துருவானுங்க

தீபா: 😂

குமார் சித்தப்பா: முறைப்படி வந்தா மெடிக்கல் எடுப்பான், எமிரேட்ஸ் ஐடி வரும், சம்பளம் பேங்க்லதான் ஏறும். ஏறலைன்னா மினிஸ்ட்ரிக்கே தெரிஞ்சிரும். வேலை போனா மூணு மாசம் வரைக்கும் கொஞ்சம் காசு வர்ற இன்சூரன்ஸ் ஒண்ணு இருக்கு, மாசம் 5 திர்ஹம் கட்டணும். கட்டலைன்னா 400 திர்ஹம் ஃபைன். இது எதுவும் விசிட்காரனுக்குக் கெடையாது

குமார் சித்தப்பா: இன்னொண்ணு. வேலைக்கு வந்ததும் நம்ம ஊர் சேவிங்ஸ் கணக்கை என்ஆர்ஓவா, அதாவது வெளிநாட்டுல இருக்குறவங்க கணக்கா மாத்தணும். சம்பளம் அனுப்ப என்ஆர்இன்னு இன்னொரு கணக்கு தனியா திறக்கலாம், வட்டிக்கு வரி கெடையாது

அப்பா: நான் எதையும் மாத்தல. ஒண்ணும் ஆகல

குமார் சித்தப்பா: சரிண்ணே

மாலா அத்தை: எந்தக் கணக்கு வேணா தொறங்க. பணம் யார் பேருக்குப் போகும்னு மொதல்லயே பேசிக்கங்க. அப்புறம் மாடி யாருதுன்னு மறுபடியும் பஞ்சாயத்து வேணாம்

அப்பா: மாடி பேச்சை இங்க எடுக்காத மாலா

மாலா அத்தை: நான் எங்க எடுத்தேன்

தீபா: விக்கி, பணம் ஏற்கனவே எதாவது குடுத்தியா. சித்தி "மிச்சம்"னாங்களே

விக்கி: 20 குடுத்தோம். கையில. ரசீது தரல

குமார் சித்தப்பா: பாஸ்போர்ட் எங்க

விக்கி: அவங்ககிட்ட. ஒரிஜினல்

விக்கி: டிப்ளமோ சர்டிபிகேட்டும்

குமார் சித்தப்பா: விசா எடுக்க காப்பி போதும்டா!! பாஸ்போர்ட் இந்திய அரசாங்க சொத்து, எவனும் ஈடா வச்சுக்க முடியாது. நாளைக்கே போய் வாங்குங்க. பணம் அப்புறம், மொதல்ல பாஸ்போர்ட். குடுக்கலைன்னா போலீஸ் ஸ்டேஷன்ல எழுதிக் குடுங்க, சென்னைல வெளிநாட்டு வேலைக்குப் போறவங்களுக்கான புரொடெக்டர் ஆபீஸுக்கும் ஒரு காப்பி அனுப்புங்க

மல்லிகா சித்தி: போலீஸ்னு எல்லாம் போனா அப்புறம் எந்த ஏஜென்ட்டும் இவனைச் சேக்க மாட்டான்

அப்பா: போலீஸ் வேணாம். அந்தாளு மச்சான் என்கூட சவுதில தமாம்ல இருந்தவன். நான் பேசுறேன்

மாலா அத்தை: அவனா உங்களை ஏத்தி விட்டது?

அப்பா: அவன் தம்பி

தீபா: அப்பா நெசமாவா

விக்கி: பெரியப்பா நீங்க வந்தா நல்லா இருக்கும்

மல்லிகா சித்தி: பெரியத்தான் எதுக்கு, விக்கி அப்பாவே போறேங்கறாங்க. நாளைக்கு ஞாயிறு, ஆபீஸ் இருக்குமானு தெரியல. திங்கக்கிழமை பணத்தோட போய்ப் பேசிக்கலாம்

குமார் சித்தப்பா: பணத்தோட போகாதீங்க அண்ணி

மல்லிகா சித்தி: நகை எடுத்து பேங்க்ல வச்சாச்சு தம்பி. வட்டி ஓடுது

குமார் சித்தப்பா: திருப்பிருங்க. ரெண்டு நாள் வட்டியோட போகும்

மல்லிகா சித்தி: பாப்போம். உங்க அண்ணன் தூங்கப் போயிட்டாங்க

தீபா: அப்ப விக்கி 15 வரைக்கும் இருக்கான்னு வச்சுக்கலாமா? மாலைக்குச் சொல்லணும்

விக்கி: தெரியலக்கா

மாலா அத்தை: இருப்பான் இருப்பான். நீ மாலைக்குச் சொல்லு

அப்பா: விக்கி காலைல 7 மணிக்கு வண்டி எடுத்துட்டு வா. வீட்டுக்கே போய்ப் பாப்போம் அந்தாளை

மல்லிகா சித்தி: காலைல வண்டி வேணும், எங்க அம்மா வீட்டுக்குப் போகணும்

மாமா: ⏩ பலமுறை அனுப்பப்பட்டது
கனடா அழைக்கிறது! ஆங்கிலத் தேர்வு தேவையில்லை!!

மாலா அத்தை: குமாரு உங்க மாமாவை குரூப்ல இருந்து தூக்கு

குமார் சித்தப்பா: அட்மின் அண்ணன்

அப்பா: அது எப்படி பண்றது