மழைக்காட்டில் நான் பார்த்ததும் பார்க்கத் தவறியதும்

போர்னியோ காட்டுக்குப் போகிறேன் என்றதும் ஆளாளுக்குப் பாம்பைச் சொல்லித்தான் பயமுறுத்தினார்கள். இருந்த ஆறு நாளில் ஒரு பாம்பு கண்ணில் படவில்லை. பட்டது அட்டைதான், அதுவும் முதல் அரைமணி நேரத்திலேயே.

நான் போனது மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் டானம் பள்ளத்தாக்கு. 438 சதுர கிலோமீட்டர், பெரும்பகுதி மரம் வெட்டாமல் விட்டுவைத்த தாழ்நிலக் காடு. அங்கே பழுப்பு அட்டை தரையிலிருந்து காலில் ஏறும், கடித்தால் தெரியாது. புலி அட்டை அப்படியில்லை, செடி இலைமேல் உடம்பை நீட்டிக் காத்திருக்கும், கடித்தால் சுருக்கென்று வலிக்கும். அட்டைக்கான காலுறையை முழங்கால்வரை இழுத்துக் கட்டிக்கொண்டு பெருமையாக நடந்த எனக்குக் கடி விழுந்தது அக்குளில்! பிடித்து இழுக்காதீர்கள், உப்பும் நெருப்பும் வேண்டாம், வாய்ப்பக்கம் நகத்தை நுழைத்து மெதுவாகத் தள்ளினால் விட்டுவிடும். ரத்தம் மட்டும் ரொம்ப நேரம் நிற்காது, உறையவிடாத ஒன்றை அது உள்ளே செலுத்தியிருக்கும், பயப்பட வேண்டாம்.

சரி, விலங்குக்கு வருகிறேன். முதல் இரண்டு நாள் ஒன்றுமே பார்க்கவில்லை. தப்பு என்னுடையதுதான். பாதையை முடிக்க வேண்டும் என்று வேகவேகமாக நடந்தேன். மேலே இலைக்கூரை அவ்வளவு அடர்த்தி, வெயிலில் நூற்றில் இரண்டு பங்கு தரைக்கு வந்தால் பெரிது, அந்த மங்கலில் நடந்துகொண்டே தேடினால் என்ன தெரியும்? மூன்றாம் நாள் வழிகாட்டி ஒரு அத்தி மரத்தடியில் நின்றுவிட்டார். கீழே கிடந்த பழம் ஒன்றை எடுத்துக் காட்டினார், பாதி கடித்தது, கடித்த இடம் இன்னும் கறுக்கவில்லை. உட்காருங்கள் என்றார்.

முக்கால் மணி நேரம். முதலில் வந்தது சத்தம்தான், ஈரப் போர்வையை யாரோ தலைக்குமேல் உதறிக்கொண்டே போவதுபோல. இருவாச்சிப் பறவை. அதன் இறக்கைக்கு அடியில் மூடுசிறகு இல்லாததால் காற்று இடுக்கு வழியாகப் புகுந்து அப்படிச் சத்தம் போடுமாம். அப்புறம் ஒரு கிளை காற்றே இல்லாமல் ஆடியது. செம்பட்டை மயிர், நீளமான ஒரு கை, விலாவில் ஒட்டிக்கொண்டிருந்த குட்டி. ஒராங்குட்டான் எங்களைக் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைக் குவித்து 'ப்ச்' என்றது, முத்தம் கொடுக்கிற சத்தமேதான். நான் இளித்துக்கொண்டு நின்றேன். வழிகாட்டி என் சட்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். தொடை கனத்துக்கு ஒரு காய்ந்த கிளை நான் நின்ற இடத்தில் விழுந்தது. அந்த முத்தம் 'போய்த் தொலை' என்று அர்த்தமாம்!

படம் கேட்காதீர்கள். குளிர்சாதன அறையிலிருந்து நேராக எடுத்துப் போன கேமரா, லென்ஸ் முழுக்கப் பனி மூடியிருந்தது.

* * *

மேலே உள்ள போர்னியோ அனுபவத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன், எனக்கு நடந்தது அமேசானில், பெரு நாட்டின் தம்போபட்டா பக்கம். விடியற்காலை இருட்டில் ஒரு உறுமல், புயல் வருகிறதா ஜாகுவாரா என்று புரியாமல் கொசுவலைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விடிந்ததும் சொன்னார்கள், கூச்சல் குரங்கு, ஏழெட்டுக் கிலோதான் இருக்கும். தொண்டை எலும்பு பெரிதாகி உள்ளே கூடுபோல இருப்பதால் அந்தச் சத்தம். மற்றபடி அங்கே நான் பயந்தது புல்லட் எறும்புக்குத்தான், கொட்டினால் ஒரு நாள் முழுக்க வலிக்கும் என்பதால் 24 மணி நேர எறும்பு என்றே பெயர். மரத்தில் கை ஊன்றும் பழக்கம் அதோடு போயிற்று.

* * *

காட்டில் இரவு நடைக்குப் போகாமல் திரும்பாதீர்கள், மேலே எழுதிய இருவருக்கும்தான் சொல்கிறேன். நெற்றி விளக்கைக் கண் மட்டத்துக்கு இறக்கிக்கொண்டு வெளிச்சத்தைத் தரையில் அடியுங்கள். சருகு முழுக்கப் பச்சையாகப் பனித்துளி மின்னும். எவ்வளவு அழகு என்று குனிந்தேன். ஒரு துளி நடந்தது, பக்கத்துத் துளியும் நடந்தது. அத்தனையும் சிலந்திக் கண்.