வடுவூர் ஏரி, முத்துப்பேட்டை: இரண்டு நாளுக்கு எப்போது போகலாம்?

கேள்வி: தஞ்சாவூரிலிருந்து சனி, ஞாயிறு. தண்ணீர்க் கரையில் சும்மா உட்காரணும், பறவையும் பார்க்கணும். மே சரியா, டிசம்பரா?

பதில் 1: மே வேண்டாம் சார். வடுவூர் ஏரிக்கு மேட்டூர்த் தண்ணீர்தான் உயிர், கோடையில் வற்றிவிடும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. மன்னார்குடி சாலையில் சுமார் 25 கிலோமீட்டர். காலை 6 மணிக்கே கரையில் நில்லுங்க; வெயில் ஏறினால் கானல், பைனாகுலரில் எல்லாம் மங்கல்.

பதில் 2: மறுநாள் முத்துப்பேட்டை அலையாத்திக் காடு. ஜாம்புவானோடையில் படகேறி, கோரையாறு வழியாகக் காயலுக்குப் போகணும். வனத்துறை அனுமதியை முன்பே வாங்கிடுங்க. காயலில் ஆழம் குறைவு. நீர் இறங்கினால் படகு சேற்றில் தட்டும், கிளம்பும் நேரத்தைப் படகோட்டியே சொல்லட்டும். ஆளுக்கு 2 லிட்டர் குடிதண்ணீர் கட்டாயம்.

பதில் 3: டிசம்பர்னா புயல் எச்சரிக்கையையும் பாருங்க. வந்தால் படகு கிடையாது. தங்குவதற்கு மன்னார்குடி தோது, ஏரிக்கரையில் குடில் தேடி அலையாதீங்க.